"தியானத்துல ஒரு சாண் மேல எழும்பினேன்னு சொல்றாரு, நம்பறதுங்களா டாக்டர்?"

சோமனூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மிணி எழுதியிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. கடிதம் பெருசு, முக்கியமானதை மட்டும் எடுத்துத் தர்றேன்.

"டாக்டருங்க, எங்க வீட்டுக்காரருக்கு 41 வயசு. பன்னெண்டு தறி ஓட்டறோம். கூலிப் பிரச்சனை, கரண்ட் பில்லு, நூல் வெலைன்னு ரெண்டு வருசமா மனசு ஒடிஞ்சு கெடந்தாரு. போன தை மாசம் ஒரம்பரை ஒருத்தர் கூப்புட்டாருன்னு திருப்பூர்ல ஒரு மண்டபத்துல நடந்த மூணு நாள் கேம்புக்குப் போனாரு. மனோசக்தியால உடம்பை அந்தரத்துல எழுப்பறது எப்படின்னு சொல்லித் தர்றாங்களாம். வந்ததுல இருந்து காலைல நாலு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துக்கறாரு. 'ஒரு சாண் மேல எழும்பினேன், சத்தியமா'ங்கறாரு. அவர் பொய் சொல்ற ஆளு இல்லைங்க. குரூப்புல வந்த ஒரு வீடியோவும் காட்டினாரு, ஒருத்தர் நெசமாவே அந்தரத்துல நிக்கறாரு. அடுத்த லெவலுக்கு ஒன்றரை லட்சம், வர்ற 15ஆம் தேதிக்குள்ள கட்டணுமாம், என்ற நகையை வெக்கலாம்ங்கறாரு. நான் வேண்டாம்னா 'உன்ற சந்தேகந்தான் என்னையக் கீழ இழுக்குது'ன்னு சொல்றாரு. எட்டாவது படிக்கற பையனும் இப்ப அப்பா கூடவே உக்காந்துக்கறான். இது நடக்கற காரியமுங்களா? இல்ல அவருக்கு மனசுல ஏதாவது வியாதிங்களா? நான் எப்படிங்க பேசறது?"

அம்மிணி, மொதல்ல நேராவே சொல்லிடறேன். மனசோட சக்தியால மனுச உடம்பு தரையை விட்டு எழும்பாது. ஒரு சாண் இல்ல, நூலளவு கூட எழும்பாது. எத்தனையோ நாட்டுல எத்தனையோ பேரு எழும்பறோம்னு சொல்லியிருக்காங்க, வெவரமானவங்க பக்கத்துல நின்னு தடவிப் பாத்து சோதிக்கற எடத்துல ஒருத்தரும் எழும்பிக் காட்டினதில்ல. அதே சமயம் உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லலைன்னும் நான் நம்பறேன். இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்னு உங்களுக்குப் புரிஞ்சுட்டா அவர்கிட்ட பேசறதுக்கு வழி தன்னால கெடைச்சுடும், அதனால அதையே கொஞ்சம் நெறைய சொல்றேன், பொறுமையாப் படிங்க.

நம்ம உடம்பு எங்க இருக்குன்னு மூளை எப்படித் தெரிஞ்சுக்குது? உள்காதுல சின்னச் சின்ன சுண்ணாம்புத் துகளுக இருக்கு, தலை எந்தப் பக்கம் சாயுதுன்னு அது சொல்லும். கண்ணு சொல்லும். உக்காந்த எடத்துல தோல் அழுந்தற அழுத்தம் சொல்லும், மூட்டும் தசையும் சொல்லும். இது எல்லாத்தையும் சேர்த்து வெச்சுத்தான் மூளை "நீ இப்ப தரைல உக்காந்திருக்கே"ன்னு ஒரு முடிவுக்கு வருது. இப்ப கேம்புல என்ன பண்றாங்கன்னு பாருங்க. கண்ணை மூடச் சொல்றாங்க, ஒரு தகவல் போச்சு. அசையாம முக்கா மணி நேரம் உக்காந்தா தோல் அந்த அழுத்தத்தைச் சொல்றதை நிறுத்திடும், சம்மணம் போட்ட காலு மரத்துப்போகும், அதுவும் போச்சு. வெறும் வயித்தோட, சரியாத் தூங்காம, விடியக்காலைல வேற உக்காந்திருக்காங்க. அப்பறம் வேக வேகமா மூச்சு விடச் சொல்லுவாங்க, இதை நீங்க அவர்கிட்டயே கேட்டுப் பாக்கலாம், இந்த மாதிரி எடங்கள்ல அது பெரும்பாலும் இருக்கும். வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறையும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், வாயைச் சுத்தி, விரல் நுனில எல்லாம் குறுகுறுன்னு இருக்கும், தலை லேசாகும், உடம்பே இல்லாத மாதிரி தோணும். அந்த நேரம் பாத்து மைக்குல ஒருத்தர் மெதுவா "லேசாகுது, லேசாகுது, மேல போறீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா மூளை வேற என்ன முடிவுக்கு வரும்? மிதக்கறோம்ங்கற முடிவுக்குத்தான் வரும். இது பைத்தியம் இல்ல, ஏமாத்தும் இல்ல, நல்லா இருக்கற மூளை கெடைச்ச தகவலை வெச்சு போட்ட தப்புக் கணக்கு.

2002ல ஸ்விட்சர்லாந்துல ஓலாஃப் பிளாங்க்னு ஒரு நரம்பியல் டாக்டர், வலிப்பு நோய்க்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி ஒரு அம்மாவோட மூளைல மின்முனை வெச்சு சோதிச்சிட்டு இருந்தாரு. வலது பக்கம் காதுக்கு மேல பின்னால ஒரு குறிப்பிட்ட எடத்துல லேசா கரண்ட் குடுத்ததும் அந்தம்மா, நான் மேல மிதக்கறேன், கட்டில்ல படுத்திருக்கற என்னையே மேல இருந்து பாக்கறேன்னு சொன்னாங்க. கட்டிலுக்கு ரெண்டு மீட்டர் உயரத்துல இருக்கற மாதிரி அவங்களுக்கு இருந்துச்சு. உடம்பு கட்டில்லயே தான் கெடந்துச்சு. நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றோம் பாருங்க, தூக்கமும் முழிப்பும் கலந்து கெடக்கற அந்த நேரத்துலயும் சில பேருக்கு இதே மாதிரி மிதக்கற உணர்வு வரும். என்கிட்ட வர்றவங்க பயந்துக்கிட்டே சொல்லுவாங்க, அது வலிப்பும் இல்ல, மனநோயும் இல்லைன்னு விளக்கிச் சொன்னாலே பாதிப் பேருக்கு நிம்மதி ஆயிடும்.

ஆக உங்க வீட்டுக்காரர் மிதந்த மாதிரி உணர்ந்தது நெசம். மிதந்தது நெசமில்ல.

இனி அந்த வீடியோ. நான் அதைப் பாக்கல, ஆனா இந்த மாதிரி வீடியோ எப்படி எல்லாம் வரும்னு சொல்றேன், நீங்களே பொருத்திப் பாத்துக்கங்க. மகரிஷி மகேஷ் யோகியோட அமைப்பு 1976ல இருந்து யோகப் பறத்தல்னு ஒண்ணு சொல்லிக்குடுத்துச்சு. மூணு கட்டம் சொன்னாங்க, மொதல்ல தவளை மாதிரி தத்தறது, அப்பறம் அந்தரத்துல நிக்கறது, அப்பறம் பறக்கறது. 1986ல வாஷிங்டன்ல பத்திரிகைக்காரங்களைக் கூப்புட்டு காட்டவும் காட்டினாங்க. வந்தவங்க பாத்தது பத்மாசனத்துல உக்காந்தவங்க மெத்தை மேல தொடை பலத்தால தத்தித் தத்திப் போனதைத்தான். ரெண்டாவது கட்டத்தை வெளியாளு யாருமே பாத்ததில்ல. தத்தறது நெசமான கசரத்து, அதைக் கொறை சொல்லல. ஆனா தத்தறவரை உச்சில இருக்கறப்ப போட்டோ எடுத்தா அந்தரத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். ஒரு சாண் உயரம் தத்தி எறங்கறதுக்கு ஆகற நேரம் அரை செகண்டுக்கும் கம்மி. இப்ப எல்லா போன்லயும் ஸ்லோ மோஷன் இருக்கு, செகண்டுக்கு 240 படம் எடுத்து மெதுவா ஓட்டினா அந்த அரை செகண்டு மூணு செகண்டுக்கு மேல நீளும், பாக்கறவங்களுக்கு நின்னு மிதக்கற மாதிரி தான் தெரியும். அந்த ஆளோட தலைமுடியையும் வேட்டித் தலைப்பையும் பாருங்க, எறங்கறப்ப அது மேல பறக்கும். பின்னால யாராச்சும் நடந்தா அவங்களும் மெதுவாத்தான் நடப்பாங்க.

தத்தாம நெசமாவே அசையாம நிக்கறாருன்னா எங்கயாச்சும் ஒரு பிடிமானம் இருக்கும், அதைத் தேடணும். இந்த வித்தை நம்ம தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்லைங்க. 1830கள்ல மெட்ராஸ்ல சேஷால்னு ஒருத்தர், வெள்ளைக்காரங்க எல்லாம் வாயைப் பொளந்து பாத்து எழுதி வெச்சிருக்காங்க, தரைல இருந்து சில அடி உயரத்துல சம்மணம் போட்டு உக்காந்திருப்பாரு, ஒரு கை மட்டும் தோல் சுத்தின ஒரு தாங்கி மேல இருக்கும், ஏறப்பவும் எறங்கப்பவும் கம்பளியால மறைச்சுக்குவாங்க. நூறு வருசம் கழிச்சு 1936ல தென்னிந்தியால சுப்பையா புலவர்னு ஒருத்தர் படுத்த வாக்குல அந்தரத்துல கெடந்தாரு, ஒரு இங்கிலீஷ்காரர் போட்டோ எடுத்து லண்டன் பத்திரிகைல வந்துச்சு, இன்னிக்கும் அந்தப் படம் வாட்சப்புல சுத்துது. அதையும் கூர்ந்து பாருங்க, கை ஒண்ணு துணி சுத்தின ஒரு குச்சி மேல இருக்கு, எழும்பறப்ப சுத்தி கூடாரம் கட்டி மறைச்சிருந்தாங்க. உள்ள இரும்புக் கம்பி தரைல ஊணியிருக்கும், குச்சி வழியா மேல வந்து, சட்டைக் கைக்குள்ள பூந்து, துணிக்கடில உடம்பைத் தாங்கற பலகையோட சேர்ந்திருக்கும், இதான் அதோட சூட்சுமம். 1847ல பாரிஸ்ல ராபர்ட் ஹூடின்னு மேஜிக்காரர் தன்ற மகனையே இப்படி அந்தரத்துல படுக்க வெச்சாரு. அப்பத்தான் ஈதர்ங்கற மயக்க மருந்து புதுசா வந்து ஊரெல்லாம் அதே பேச்சு, அவரும் ஈதரால தான் உடம்பு லேசாகுதுன்னு சொன்னாரு, சனங்க நம்பினாங்க. இப்ப கேம்புல குவாண்டம்ங்கறாங்க, வைப்ரேஷன்ங்கறாங்க. அந்தந்தக் காலத்துல எந்த அறிவியல் வார்த்தை பாதி புரிஞ்சும் புரியாமயும் இருக்கோ அதை எடுத்துப் போட்டுக்கறது ரொம்பப் பழைய பழக்கம்.

உங்க வீட்டுக்காரர் மூளைல கரண்ட் இருக்கே, காந்தம் இருக்கேன்னு கேப்பாரு. இருக்குதான். ஆனா மூளைல இருந்து வர்ற காந்தம் பூமியோட காந்தத்தை விட பல கோடி மடங்கு கம்மி. உயிருள்ள ஜீவனை காந்தத்தால அந்தரத்துல நிறுத்தவும் செஞ்சிருக்காங்க, 1997ல நெதர்லாந்துல ஆந்த்ரே கைம்ங்கற விஞ்ஞானி ஒரு குட்டித் தவளையை நிறுத்தினாரு, பின்னாடி வேற ஆராய்ச்சிக்கு நோபல் பரிசே வாங்கினவரு. அந்தச் சின்னத் தவளைக்கே 16 டெஸ்லா காந்தம் வேண்டியிருந்துச்சு, பிரிட்ஜ்ல ஒட்டற காந்தத்தை விட ஆயிரம் மடங்குக்கும் மேல. இன்னொண்ணும் சொல்றேன். ஒரு சாண் மேல போறதுக்கு சக்தி பத்தாதுன்னு இல்ல, படிக்கட்டுல ஒரே ஒரு படி ஏறற சக்தி தான் அது. பிரச்சனை என்னன்னா மேல போகணும்னா எதையாச்சும் கீழ தள்ளியாகணும். தரையைத் தள்ளணும், இல்லைன்னா ஹெலிகாப்டர் மாதிரி காத்தைத் தள்ளணும். 70 கிலோ ஆளு காத்தைத் தள்ளி நின்னா ரூம்ல இருக்கற காலண்டர் எல்லாம் பிச்சுக்கிட்டுப் பறக்கணும். எதையுமே தள்ளாம, எதுவுமே தாங்காம உடம்பு அந்தரத்துல நின்னதா இதுவரைக்கும் யாரும் அளந்து காட்டினதில்ல.

"உன்ற சந்தேகந்தான் என்னையக் கீழ இழுக்குது"ன்னு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க கடிதத்துலயே எனக்கு ரொம்ப வருத்தமா இருந்த வரி அதான். அவரா யோசிச்சு சொன்னதா இருக்காது, கேம்புல சொல்லிக் குடுத்திருப்பாங்க. எழும்பினா கோர்ஸ் நல்ல கோர்ஸ், எழும்பலைன்னா பொண்டாட்டி சந்தேகப்பட்டா. எப்படிப் போனாலும் கோர்ஸ் தோக்காது, குடும்பம் தான் தோக்கும். நீங்க தறி ஓட்டறவங்க, நம்பாத ஆளு வந்து எட்டிப் பாத்தா தறி நின்னுடுமா? நெசமா ஓடறது யாரு பாத்தாலும் ஓடும். இதைச் சண்டையாச் சொல்லாதீங்க, ஆனா உங்க மனசுல தெளிவா வெச்சுக்கங்க, உங்க மேல தப்பு இல்ல.

நம்ம கோயமுத்தூர் போத்தனூர்ல பி.பிரேமானந்த்னு ஒருத்தர் இருந்தாரு, 2009ல காலமாயிட்டாரு. மேஜிக்காரர், சாமியாருக பண்றதா சொல்ற அற்புதத்தை எல்லாம் ஊர் ஊராப் போய் தானே செஞ்சு காட்டி எப்படின்னும் சொல்லிக் குடுத்தாரு, இண்டியன் ஸ்கெப்டிக்னு ஒரு பத்திரிகையும் போத்தனூர்ல இருந்தே நடத்தினாரு. இலங்கைல டாக்டர் ஆபிரகாம் கோவூர்ங்கற பகுத்தறிவுவாதி 1963ல ஒரு சவால் விட்டாரு, மோசடி பண்ண முடியாத எடத்துல ஏதாச்சும் ஒரு அற்புத சக்தியைக் காட்டினா ஒரு லட்சம் ரூபாய்னு. கோவூருக்கு அப்பறம் பிரேமானந்தும் ஒரு லட்சம் ரூபாய்னு அதை விடாம நடத்தினாரு. ஒருத்தரும் ஜெயிக்கல. அமெரிக்கால ஜேம்ஸ் ராண்டிங்கற மேஜிக்காரர் பேர்ல இதே மாதிரி இருந்த பரிசு பத்து லட்சம் டாலர், 2015ல அதை நிறுத்தற வரைக்கும் யாரும் வாங்கல. ஒன்றரை லட்சம் வாங்கிட்டு சொல்லித் தர்றவருக்கு நெசமாவே தெரிஞ்சிருந்தா அந்தப் பரிசை எப்பவோ வாங்கியிருக்கலாமேன்னு நீங்க தைரியமா கேக்கலாம்.

பதஞ்சலியே சொல்லியிருக்காருன்னும் பேச்சு வரும். சொல்லியிருக்காரு. யோக சூத்திரம் மூணாவது பாதத்துல, பஞ்சோட லேசான தன்மை மேல மனசை நிறுத்தினா ஆகாசத்துல போலாம்னு ஒரு சூத்திரம் இருக்கு. அதே பாதத்துலயே இந்த மாதிரி சித்திக எல்லாம் சமாதிக்குத் தடைன்னும் அவரே சொல்லியிருக்காரு. நான் சாமி கும்புடறவன், தியானத்தை மதிக்கறவன், தியானம் பண்ணி தூக்கமும் பதட்டமும் சரியானவங்களை தெனமும் பாக்கறவன். அதனால கேக்கறேன், ஆகாசத்துல போற சூத்திரத்தை மட்டும் எடுத்துக் காசாக்கறது பதஞ்சலிக்கு மரியாதையா?

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அவரைப் பைத்தியம்னோ ஏமாளின்னோ ஒரு வார்த்தை சொல்லாதீங்க, ஒரம்பரை முன்னாடி பஞ்சாயத்தும் வைக்காதீங்க. 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழில பணம் போட்டு ஏமாந்தவங்கள்ல படிச்சவங்க எத்தனை பேரு, விவரமா பண்ணையம் பாத்தவங்க எத்தனை பேரு, நமக்குத் தெரியாததா? கஷ்டத்துல இருக்கறப்ப நம்பிக்கை குடுக்கறவங்க பக்கம் மனசு சாயறது மனுச இயல்பு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சு பையன் தூங்கினதுக்கு அப்பறம், "உக்காந்தப்ப என்னங்க தெரிஞ்சுது, சொல்லுங்க"ன்னு கேளுங்க, முழுசா சொல்ல விடுங்க, நடுவுல மறுக்காதீங்க. ரெண்டு வருசமா அந்த மனுசன்கிட்ட தறி எப்படி ஓடுது, பில்லு எவ்வளவுன்னு தான் எல்லாரும் கேட்டிருப்போம், உனக்கு எப்படி இருக்குன்னு யாரும் கேட்டிருக்க மாட்டோம். நம்ம பக்கம் ஆம்பளைக மனசு சரியில்லைன்னு வாய் தெறந்து சொல்ல மாட்டாங்க. அந்த மண்டபத்துல யாரோ ஒருத்தர் அவரைப் பக்கத்துல உக்கார வெச்சு கேட்டிருப்பாங்க, அவரு அங்க போறதுக்கு அது ஒரு பெரிய காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது.

கேட்டு முடிச்சதுக்கு அப்பறம் ஒரு சோதனை, ரெண்டு பேரும் மட்டும். உங்க குடோன்ல நூல் எடை போடற எலக்ட்ரானிக் தராசு இருக்கும். அது மேல ஒரு பலகை போட்டு அவரை உக்காந்து எப்பவும் போல தியானம் பண்ணச் சொல்லுங்க. எதுக்க போனை ஸ்டாண்டுல வெச்சு தராசு நம்பரும் அவரும் ஒண்ணா தெரியற மாதிரி நிறுத்தாம வீடியோ எடுங்க. உடம்பு நெசமாவே லேசானா எடை கொறையும், முழுசா எழும்பினா பலகை எடை மட்டும் தான் நிக்கும். அவரு தத்தினா நம்பர் ஏறும் எறங்கும், தள்ளப்ப ஏறும், காத்துல இருக்கறப்ப எறங்கும், விழறப்ப மறுபடி ஏறும், அதை மட்டும் லேசாச்சுன்னு எடுத்துக்கக் கூடாது, அசையாம இருக்கறப்ப என்ன நம்பர் நிக்குதோ அதான் கணக்கு. அவருக்கு மிதக்கற உணர்வு வந்ததும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. பின்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து அந்த விரல் தூக்கின எடத்துல நம்பரைப் பாருங்க. நீங்க எதுவும் பேச வேண்டாம், அவரே பாக்கட்டும். அவமானப்படுத்தறதுக்கு இதைப் பண்ணாதீங்க, அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவும் கூடாது.

வியாதியான்னு கேட்டீங்க. நீங்க எழுதினதை வெச்சு அப்படித் தெரியல. ஆனா ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம் மட்டும் தூங்கி அப்பவும் அசதியே இல்லாம திரியறது, பேச்சு நிக்காம ஓடறது, தனக்கு மட்டும் ஒரு பெரிய பொறுப்பு வந்திருக்குன்னு சொல்றது, கண்டபடி கடன் வாங்கறது, யாரும் இல்லாதப்ப குரல் கேக்கறதுங்கறது இதுல ஏதாச்சும் இருந்தா தள்ளிப் போடாம மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, நல்லாக் குணமாகற வியாதிக தான் அது. திடீர்னு சில செகண்டு மிதக்கற மாதிரி வந்து கண்ணு நிலைகுத்திப் போகுதுன்னா நரம்பு டாக்டரைப் பாக்கணும். வலிப்பு இருக்கறவங்க அந்த வேக மூச்சுப் பயிற்சி பண்ணவே கூடாது, வலிப்பைத் தூண்டிவிடலாம். சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்கன்னா அந்தப் பக்கமே போக விடாதீங்க. பேசறதுக்கு ஆள் வேணும்னா அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

நகை விசயம். நீங்க கொண்டு வந்த சீதனம் சட்டப்படி உங்களுது, உங்க சம்மதம் இல்லாம வெக்க முடியாது. வேண்டாம்னு சொல்றதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு, அழுகாம கோவப்படாம சொல்லுங்க. மொதல் கேம்புக்குக் கட்டின ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், எழும்பலாம்னு வாக்கு குடுத்த நோட்டீஸ், குரூப் மெசேஜ் எல்லாத்தையும் எடுத்து வைங்க. பொய் விளம்பரம் குடுத்துப் பணம் வாங்கினா நுகர்வோர் சட்டத்துல கேக்கலாம், 1915க்கு போன் பண்ணினா வழி சொல்லுவாங்க, மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டின விசயத்துக்கு மனு போட பீஸ் கெடையாது.

கடைசியா பையன். இதை இன்னிக்கே பண்ணுங்க, 15ஆம் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. பதிமூணு வயசுல அப்பா எழும்பறாருன்னு நம்பற பையன் மெத்தை மேல மட்டும் பழகிப் பாப்பான்னு சொல்ல முடியாது, மொட்டை மாடியும் தண்ணி டேங்க்கும் கெணத்து மேடும் இருக்கற ஊரு நம்மளுது. அந்த வேக மூச்சும் வேண்டாம், அஞ்சு மணிக்கு முன்னாடி எழுப்பவும் வேண்டாம், வளர்ற பையனுக்குத் தூக்கம் வேணும். அப்பா கூட பத்து நிமிசம் கண்ணை மூடி அமைதியா உக்காரட்டும், அதுல தப்பே இல்ல. தராசு சோதனையை அப்பாவுக்கு அப்பறம் அவனையும் பண்ணச் சொல்லுங்க, எட்டாவது படிக்கறான், நியூட்டன் விதியெல்லாம் சீக்கிரமே பாடத்துல வரும், அவனே நம்பரை நோட்டுல எழுதட்டும். மாடிக் கதவுக்கு இன்னிக்கே ஒரு பூட்டு போட்டுடுங்க.